புருவம் தேய்ந்த எல்சா: காதர்பேட்டை இளவரசி பனியன்கள் எப்படி?

திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கிக் காதர்பேட்டைக்குள் நுழைந்தால் முதல் பத்துக் கடைக்குள்ளேயே டிஸ்னியின் 'ஃப்ரோஸன்' பட எல்சா இருபது பேர் தொங்கிக்கொண்டிருப்பாள். "ஏனுங்க்கா, பாப்பாவுக்கு எத்தனை வயசுங்க? ரோஸ்ல பாக்கறீங்களா, ப்ளூவுலங்களா?" என்றுதான் கடையில் கேட்பார்கள். எந்த இளவரசி வேண்டும் என்று கேட்பவர் குறைவு. நிறத்தைச் சொன்னால் ஆள் தானாக வந்துவிடுவாள் என்பது சந்தைக் கணக்கு. அந்தக் கணக்கு பாதிதான் சரி. பனியனில் இருப்பது எல்சாதானா, இல்லை நீலக் கவுன் போட்ட யாரோ ஒரு பெண்ணா என்பதை மீதிப் பாதிதான் முடிவு செய்கிறது. அந்த மீதியைத்தான் இங்கே உற்றுப் பார்க்கிறோம்.

எடுத்துக்கொண்டவை ஆறு உருப்படிகள். எல்லாமே நான்கைந்து வயதுக் குழந்தைக்கானவை; எல்லாவற்றிலும் இருப்பவர்கள் டிஸ்னி படங்களின் நாயகிகள். காதர்பேட்டையில் வாங்கியவை மூன்று: வெள்ளைப் பருத்திப் பனியனில் முழு உருவ எல்சா, நேவி ப்ளூவில் கிளிட்டர் போட்ட எல்சா-ஆனா, கரும்பச்சையில் மெரிடா. ஈரோடு கனி மார்க்கெட்டில் வாங்கியவை இரண்டு: ரோஸ் பாலியஸ்டர் ஃபிராக்கில் ஏரியல், ஐந்து இளவரசிகள் வரிசையாக நிற்கும் நைட்டி. கடைசியாகக் கோவை ஒப்பணக்கார வீதியில் ஒரு மஞ்சள் நெட் கவுன், பெல் மாதிரி. கடைப் பெயர்கள் வராது. ஒரே பீஸ் நாலு கடையில் நாலு விலைக்குத் தொங்கும்போது பெயர் சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

முதலில் வெள்ளை எல்சா. சட்டைத் துணி குறை சொல்ல முடியாதது: 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) அளவிலான சிங்கிள் ஜெர்சி என்ற பின்னல் துணி, கழுத்தில் ரிப், தோளில் டேப். பிரிண்ட் பிக்மெண்ட் என்ற தண்ணீர் மை, தொட்டால் கைக்கே தெரியாத அளவு மெது. குழந்தைக்கு இதைவிட வசதியான பனியன் கிடைக்காது. ஆனால் படத்தில் நிற்பவள் எல்சா இல்லை.

காரணம் புருவம். 2013-ல் வந்த அந்தப் பாத்திரத்தின் முகத்தைக் கவனித்தால் ஒன்று தெரியும். தலைமுடி கிட்டத்தட்ட வெள்ளைப் பொன், புருவமோ பழுப்பு. முடியைவிடப் பல படி கறுத்தது. வெளுத்த முகத்தில், வெளுத்த முடிக்குக் கீழே, உணர்ச்சியைத் தாங்கும் ஒரே கறுத்த கோடு அதுதான். பயம், அடக்கம், பிறகு வரும் மிடுக்கு எல்லாமே அந்தக் கோட்டின் சாய்வில் இருக்கின்றன. பட்டறையில் நடப்பது வேறு. ஆர்ட்வொர்க் போடுகிறவர் படத்தைக் கோரல் டிரா மென்பொருளில் டிரேஸ் எடுக்கிறார். முறையாகப் பிரித்தால் தோல், தோல் நிழல், முடி, இளநீலம், கருநீலம், பழுப்பு, உதட்டு நிறம், அவுட்லைன் கறுப்பு, கடைசியில் ஹைலைட் வெள்ளை என்று ஒன்பது வரும். கலர் சட்டை என்றால் அடியில் போடும் வெள்ளையோடு பத்து. ஆனால் பிரிண்டிங் கூலி கலர் கணக்கு. ஒரு கலர் என்றால் ஒரு பிலிம், ஒரு பிரேம் (மை இழுக்கும் வலைச் சட்டம்), ஒரு இழுப்பு. ஆறில் முடிக்கச் சொல்லி ஆர்டர் வரும். அப்போது முதலில் வெட்டுப்படுவது தோல் நிழல், அடுத்தது ஹைலைட் வெள்ளை, மூன்றாவது பழுப்பு.

பழுப்பு போனால் புருவத்துக்கு இரண்டே வழி. அவுட்லைன் கறுப்பில் சேர்த்தால் அவள் யாரையோ முறைக்கிறாள். முடி நிறத்தில் சேர்த்தால் புருவமே இருக்காது. நம் பனியனில் இரண்டாவது நடந்திருக்கிறது. மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் காய்ச்சலில் படுத்து எழுந்தவள் மாதிரி இருக்கிறாள்.

அளவும் சேர்ந்து கெடுக்கிறது. படம் உச்சி முதல் பாதம்வரை 20 செ.மீ. உயரம். அதில் தலை மூன்றரை செ.மீ.; கண்ணின் அகலம் ஆறு மி.மீ.; புருவம் தடித்த இடத்திலேயே அரை மி.மீ.க்குச் சற்று மேல், நுனியில் கால் மி.மீ. கூட இல்லை. சிங்கிள் ஜெர்சி என்பது கண்ணிகளின் வரிசை; இந்த ரகத் துணியில் ஒரு செ.மீ.க்கு ஏறத்தாழ 14 வரிசை, அதாவது ஒரு கண்ணியின் அகலம் 0.7 மி.மீ. அரை மி.மீ. கோட்டை அதன்மேல் போட்டால் பாதி கண்ணியின் மேட்டில் நிற்கும், பாதி பள்ளத்தில் இறங்கிவிடும். கோடு புள்ளி புள்ளியாக உடையும். பிரேம் வலையின் மெஷ்ஷை, அதாவது கண் நெருக்கத்தை, 77-லிருந்து 120-க்கு மாற்றினாலும் இது தீராது. குறை மெஷ்ஷில் இல்லை, துணியின் கண்ணியில் இருக்கிறது. பிக்மெண்டில் ஜெர்சி மேல் நம்பிப் போடக்கூடிய கோடு ஒரு கண்ணியின் அகலத்துக்குக் குறையக் கூடாது. அதற்கு மெல்லியதாக இருப்பதை ஆர்ட்வொர்க்கிலேயே தடிப்பாக்க வேண்டும். இங்கே யாரும் அதைச் செய்யவில்லை.

இதே பனியனில் இன்னொரு கோளாறு, துவைத்த பிறகு தெரிந்தது. எல்சாவின் உருவமே நிமிர்வுதான். முடிசூட்டு விழாவில் மூடிய கழுத்து, கையுறை, சுருட்டி மேலே கட்டிய கொண்டை; பனிமலைக்குப் போனதும் கையுறை இல்லை, அந்தப் பழைய மேலங்கி இல்லை, இடது தோளில் ஒற்றைப் பின்னல். கட்டிப்போட்டவள் அவிழ்ந்துவிட்டாள் என்பதை வசனமே இல்லாமல் உடை சொல்லிவிடும். ஆனால் இரண்டு கோலத்திலும் முதுகுத்தண்டு நேர்க்கோடு. ஐந்து முறை துவைத்ததில் துணி முறுக்கிக்கொண்டு பக்கத் தையல் முன்னால் வந்துவிட்டது, கூடவே எல்சாவும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாள். சிங்கிள் ஜெர்சியில் நூலின் முறுக்கால் கொஞ்சம் சுழல்வது இயற்கை. காம்பாக்டிங்கில், அதாவது துணியை அமுக்கிச் சுருக்கும் கட்டத்தில், சரிசெய்யாத துணி இப்படித்தான் திரும்பும். ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் கண்ணுக்கு உறுத்தும். பூ போட்ட பனியனில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். நிமிர்ந்து நிற்க வேண்டிய ஒருத்தியைப் போட்டால் உடனே மாட்டிக்கொள்ளும். துணிக்கு 10-க்கு 8, எல்சாவுக்கு 3.

இன்னொன்று: கடையில் இதே படம் போட்ட வேறொரு பீஸில் பின்னல் வலது தோளில் கிடந்தது. பிலிமைத் திருப்பி வைத்து எக்ஸ்போஸ் செய்திருக்கிறார்கள். எழுத்து இல்லாத படத்தில் இந்தத் தவறு பேக்கிங் வரைக்கும் போய்விடும். பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள். நாலு வயசுப் பாப்பா கவனிக்கும்.

நேவி ப்ளூ பீஸ் வேறு தரம். ஏற்றுமதி மிச்சம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள்; பிரிண்டின் கீழ் மூலையில் உரிமக் குறிப்பும் கழுத்தில் லேபிளும் இருக்கின்றன. (உரிமக் குறிப்பையும் சேர்த்தே டிரேஸ் எடுப்பவர்கள் உண்டு, அதை மட்டும் வைத்து நம்பிவிட வேண்டாம்.) எல்சாவும் ஆனாவும் மார்பளவு மட்டும். இந்த ஒரு முடிவே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிட்டது. அதே 20 செ.மீ. உயரத்தில் இப்போது தலை ஒன்பது செ.மீ.; கண் ஒன்றரை செ.மீ.; புருவம் ஒன்றரை மி.மீ. அந்தத் தடிப்பைத் துணி தாங்கும்.

அக்காவும் தங்கையும் ஒரே எலும்பில் வரையப்பட்ட முகங்கள். இருவரையும் பிரித்துக் காட்டுவது சின்னச் சின்ன விஷயங்கள். ஆனாவுக்கு மூக்கின் மேல் புள்ளிகள், இரட்டைப் பின்னல், ஒரு பக்கம் ஓடும் வெள்ளைக் கீற்று, கன்னத்தில் கூடுதல் சிவப்பு, இரண்டு புருவமும் மேலேறி நிற்கும் திறந்த முகம். எல்சாவுக்கு இமை பாதி இறங்கியிருக்கும், கண்ணிமையில் ஊதாச் சாயல், ஒரு புருவம் மட்டும் தூக்கல். இந்த பீஸில் அதெல்லாம் அப்படியே நிற்கிறது. ஆனாவின் புள்ளிகளுக்கென்று தனிப் பழுப்பு கொடுத்திருக்கிறார்கள். அதே பழுப்பையே எல்சாவின் புருவத்துக்கும் இழுத்திருக்கிறார்கள். ஒரு பிரேமில் இரண்டு வேலை. இதுதான் கெட்டிக்காரத்தனம்.

கண்ணுக்குள் இருக்கும் வெள்ளைப் புள்ளியும் கவனிக்க வேண்டியது. உயிர் இருக்கிற கண்ணுக்கும் பொம்மைக் கண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு புள்ளி. மலிவு பீஸ்களில் அடி வெள்ளையை அந்த இடத்தில் திறந்து விட்டுவிடுவார்கள். சுற்றியுள்ள நீலத்தை இழுக்கும்போது அது பரவிப் புள்ளியை மூடிவிடும். இங்கே ஹைலைட் வெள்ளையைக் கடைசி பிரேமாகத் தனியாகப் போட்டிருக்கிறார்கள். விரல் நுனியால் தடவினால் மேட்டைத் தொட்டு உணர முடிகிறது.

கிளிட்டர் எல்சாவின் பனி மேலங்கியில் மட்டும். அது அவளுக்குப் பொருத்தம். அந்த உடையே பனிப்படிகம்தானே. கிளிட்டர் துகள் பெரிது, கண் பெரிய மெஷ்தான் வேண்டும், அதில் மெல்லிய கோடு நிற்காது. அதனால் பரந்த இடத்தில் மட்டும் போட வேண்டும், முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது. இதே சந்தையில் மோவானாவின் மேல் கிளிட்டர் போட்ட பனியனும் கிடைக்கிறது. வெறுங்காலோடு, கடலுப்பில் முறுக்கேறிய முடியோடு, தோணி ஓட்டுகிற திடமான உடம்போடு வரையப்பட்ட பெண்ணுக்கு ஜிகினா எதற்கு என்று கேட்டால், "மினுக்கு இருந்தாத்தானுங்க பீஸு நிக்காம போகும்" என்பதுதான் பதில்.

நேவியின் குறை ஒன்று உண்டு. பிளாஸ்டிசால் (துணிமேல் படலமாக நிற்கும் பிளாஸ்டிக் மை) அடுக்கு தடிப்பு. வெயில் காலத்தில் நெஞ்சில் ரப்பர் ஷீட் ஒட்டிய மாதிரி புழுங்கும். கியூரிங் (மையைச் சூட்டில் காயவைப்பது) மட்டும் சரியாக இருக்கிறது. இழுத்துப் பார்த்தால் விரிசல் விடவில்லை. 160 டிகிரி சூடு மை அடுக்கின் அடிவரை போய்ச் சேராவிட்டால் மேல்தோல் மட்டும் காய்ந்து, நாலாவது துவையலில் முகத்தில் வாய்க்கால் விழுந்துவிடும். 10-க்கு 8.

அடுத்து மெரிடா, கரும்பச்சைப் பனியனில் டிடிஎஃப் (படத்தைப் பிலிமில் அடித்து, சூட்டில் துணிக்கு ஒட்டும் முறை). இந்த உருப்படியைப் பேச ஒரு பழைய சண்டையை நினைவுபடுத்த வேண்டும். 2012-ல் 'பிரேவ்' படத்தில் வந்த மெரிடாவின் குணம் முழுக்க முடியில் இருக்கிறது: அடங்காத, சீப்புக்குள் போகாத, தலையைவிட மூன்று மடங்கு பெரிய செம்பட்டைச் சுருள். வட்டமான முகம், இடுப்பு இறுக்காத முரட்டு உடை, கையில் வில். 2013-ல் அவளை இளவரசிகள் வரிசையில் சேர்த்தபோது டிஸ்னி ஒரு புதுக் கோலம் வெளியிட்டது. இடுப்பு ஒடுங்கியது, கழுத்து இறங்கியது, முடி சீவிவிட்ட மாதிரி ஆனது, உடையில் மினுக்கம் ஏறியது, வில் காணாமல் போனது. அவளை உருவாக்கிய இயக்குநர் பிரெண்டா சாப்மனே எதிர்த்துப் பேசினார். எதிர்ப்பு மனுவில் இரண்டு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. கோட்டையும் நிறத்தையும் நகர்த்தினார்கள், ஆளே மாறிப்போனாள்.

காதர்பேட்டையில் கிடைத்தது அந்தச் சீவிவிட்ட மெரிடாதான். போதாக்குறைக்கு டிடிஎஃப் வேலையிலும் ஒரு பிழை. டிடிஎஃப்பில் கலருக்குப் பின்னால் வெள்ளை மை ஒரு அடுக்காக வரும். அந்த வெள்ளையைக் கலரின் ஓரத்திலிருந்து இரண்டு பிக்சல் உள்ளே இழுத்துக் கொடுக்க வேண்டும்; 300 டிபிஐயில் அது 0.17 மி.மீ.தான். கொடுக்காவிட்டால் ஓரமெங்கும் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். இங்கே ஒவ்வொரு சுருளின் விளிம்பிலும் வெள்ளை. சுருள்களுக்கு நடுவே பச்சைத் துணி தெரிய வேண்டிய சந்துகளையும் வெட்டாமல் நிரப்பிவிட்டார்கள். காட்டுத்தனமான முடி, காதுவரை இழுத்துப் போட்ட குரங்குக் குல்லா மாதிரி ஆகிவிட்டது.

ஆனாலும் டிடிஎஃப்பைக் கைவிட வேண்டாம். மெல்லிய கோடு அதில் நன்றாக நிற்கும், கலர் எண்ணிக்கைக்குக் கூலி இல்லை. புருவத்துக்குத் தனிப் பழுப்பு வேண்டும் என்றால் சும்மாவே கிடைக்கும். 150 முதல் 160 டிகிரியில் 10–15 விநாடி அழுத்தி, பிலிமை உரித்த பிறகு மறுபடி ஒரு அழுத்து கொடுத்தால் ஓரம் கிளம்பாது. இந்த பீஸில் அந்த இரண்டாவது அழுத்து கொடுக்கவில்லை போலிருக்கிறது. மூன்றாவது துவையலில் முடி நுனி கிளம்பிவிட்டது. 10-க்கு 4.

ஈரோடு ஏரியல் வேடிக்கை. 1989-ல் அந்தக் கடற்கன்னிக்குச் சிவப்பு முடி கொடுத்ததற்கு ஒரு தெளிவான கணக்கு உண்டு: வாலின் பச்சைக்கு நேரெதிர் நிறம் சிவப்பு. நீலக் கடலில் எங்கே நீந்தினாலும் முடி முதலில் கண்ணில் படும். ஆர்வம், துடிப்பு, ஓரிடத்தில் நிற்காத குணம் எல்லாம் அந்த அலையும் சிவப்பில்தான். அதை எடுத்து ரோஸ் துணியில் போட்டால்? சிவப்பு ரோஸில் கரைந்துவிட்டது. இது சப்ளிமேஷன் பிரிண்ட். சாயம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், வெள்ளை மை என்று ஒன்று அதில் கிடையாது. துணியின் நிறம்தான் படத்தின் வெள்ளை. ஆகவே வாலின் பச்சை ரோஸோடு கலந்து சேற்றுச் சாம்பலாகிவிட்டது. கண்ணின் வெண்விழியும் ரோஸ். மெட்ராஸ் ஐ வந்த ஏரியல்.

வருத்தம் என்னவென்றால், கோடுகள் ஆறு உருப்படியிலும் இதில்தான் அற்புதம். 200 டிகிரிக்கு ஒட்டிய சூட்டில் 45 விநாடிக்குமேல் அழுத்தும்போது சாயம் ஆவியாகி நூலுக்குள்ளேயே போய்விடுகிறது; கண்ணிப் பள்ளத்தில் மை விழும் பேச்சே இல்லை. இமை முடி ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது. எத்தனை துவைத்தாலும் உரியாது. இதே படத்தை வெள்ளைப் பாலியஸ்டர் துண்டில் பிரிண்ட் செய்து, ரோஸ் ஃபிராக்கின் நெஞ்சில் வைத்துத் தைத்திருந்தால் இதற்குத்தான் முதலிடம். தேடினால் அப்படித் தைத்ததும் கனி மார்க்கெட்டில் கிடைக்கும். திங்கள் இரவு தொடங்கும் வாரச் சந்தையில் ரகம் கூடுதல். துணி என்னவோ பாலியஸ்டர்தான். சித்திரை வெயிலில் போட்டால் குழந்தை நச்சரிக்கும். பிறந்தநாள் சாயங்காலம் இரண்டு மணி நேரத்துக்குச் சரி.

நைட்டியில் சின்ட்ரெல்லா, அரோரா, பெல், ஜாஸ்மின், டியானா. ஒரே முகம், ஐந்து முடி. முகத்தை ஒருமுறை வரைந்து ஐந்து முறை ஒட்டியிருக்கிறார்கள். 1950-ல் வந்த சின்ட்ரெல்லாவின் மென்மையான வளைவும், 1959-ல் வந்த அரோராவின் உயர்ந்து நீண்ட, கூர்மையான வெட்டும் ஒன்றல்ல. அரோரா நிற்கும் பின்னணியே செங்குத்துக் கோடுகளால் ஆனது. அதற்கு இசைவாகத்தான் அவளையும் நெட்டையாக, கழுத்துப் பட்டியைக்கூட முனை முனையாக வரைந்தார்கள். ஜாஸ்மினுக்கு வாதுமைக் கண், தடித்த வில் புருவம். பிடிவாதம் அங்கேதான் இருக்கிறது. டியானாவுக்கு உருண்ட கன்னம், சிரிப்பில் விழும் குழி. நைட்டியில் இவை எதுவும் இல்லை. சின்ட்ரெல்லாவை அவள் கொண்டையையும் கழுத்துக் கறுப்புப் பட்டையையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. (அவள் நடன உடை படத்தில் வெள்ளி வெண்மை, பொம்மைக்கும் துணிக்கும் வந்த பிறகுதான் நீலம். அதனால்தான் இன்று அவளும் எல்சாவும் கடையில் மாறிப்போகிறார்கள்.)

எல்லாவற்றையும்விட உறுத்துவது தோல். ஐந்து பேருக்கும் ஒரே ஸ்கின் கலர் பிரேம், ஒரே வெளுத்த பீச். டியானாவும் ஜாஸ்மினும் அந்த நிறம் இல்லை. கேட்டால் சந்தையில் வரும் பதில்: "கறுப்பாப் போட்டா வாங்க மாட்டேங்கறாங்க சாமி." கறுத்த குழந்தைகள் ஊரெல்லாம் ஓடியாடுகிற கொங்கு நாட்டில் இந்தப் பதிலை எப்படிக் கூசாமல் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. டிஸ்னியே இதில் சறுக்கியிருக்கிறது: 2018-ல் இளவரசிகள் எல்லோரும் ஒன்றாக வந்த ஒரு படத்தின் முன்னோட்டத்தில் டியானாவை வெளுக்க வைத்துவிட்டதாகக் கண்டனம் எழுந்து, பிறகு அந்தக் காட்சிகளைத் திருத்தினார்கள். பட்டறையில் திருத்த வேண்டியது இரண்டாவதாக ஒரு ஸ்கின் பிரேம், அவ்வளவுதான். அதில் செம்பழுப்பைப் போட்டால் டியானாவின் முகம், ஜாஸ்மினின் முகநிழல், பெல்லின் முடி மூன்றுக்கும் உதவும்.

ஒரு விசித்திரம்: நைட்டியில் ஐந்து பேரும் ஐந்து திசையில் பார்க்கிறார்கள். இது டிரேஸ் எடுத்தவரின் பிழை இல்லை. உரிமம் பெற்ற பழைய குழுப் படங்களிலேயே அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஒவ்வொருத்தியும் அவளவள் கதைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது விற்பனைப் பிரிவின் பழைய வழக்கம். கதையை விட்டு வெளியே கொண்டுவரும்போது குணத்தை எப்படிக் கழற்றுகிறார்கள் என்பதற்கு முலானும் சாட்சி. படத்தில் அவளை மூச்சு முட்ட வைத்த பெண் பார்க்கும் படலத்துப் பட்டு அங்கியிலேயேதான் பொருள்களில் அவளை அதிகம் நிறுத்தினார்கள். வெட்டிய முடியும் கவசமும் குறைவு. நைட்டிக்கு 10-க்கு 2. துணி நல்ல பருத்தி, வெறும் பூப் போட்டதாக வாங்கிக்கொள்ளலாம்.

ஒப்பணக்கார வீதி கவுனில் முகம் குழந்தையினுடையது. உடையின் வெட்டு மட்டும்தான் பெல்லைச் சொல்ல வேண்டும். ஊரே பழுப்பும் சிவப்புமாக நடமாடும்போது பெல் மட்டும் நீலம் உடுத்தியிருப்பாள், கூட்டத்தில் ஒட்டாதவள் என்பதற்காக. மஞ்சள் கவுன் பிறகு வருவது, பொன்மஞ்சள். கடையில் கிடைத்தது எலுமிச்சை மஞ்சள். அந்த ஒரு படி வித்தியாசத்தில் அரண்மனை போய்ப் பள்ளி ஆண்டு விழா வந்துவிட்டது. பாவாடையில் துணி தோரணம் மாதிரி மடிந்து மடிந்து தொங்குவது பெல்லின் அடையாளம், அதைச் சரியாகவே தைத்திருக்கிறார்கள். தோளிறங்கிய கழுத்து நழுவாமல் இருக்க மேலே 'ஸ்கின் கலர்' நெட் வைத்திருக்கிறார்கள். அதுவும் அதே வெளுத்த பீச். கறுத்த தோளில் பிளாஸ்திரி ஒட்டிய மாதிரி தெரியும். டெய்லரிடம் கொடுத்து அந்த நெட்டை மாற்றுங்கள். அரை மீட்டர் போதும். பாவாடையை விரித்துக்காட்டும் கேன்கேன் நெட்டுக்கு அடியில் பருத்தி லைனிங் இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் தொடை முழுக்கக் கீறும். தரையிலிருந்து ஐந்து செ.மீ. மேலே நிற்கட்டும், ஓடுகிற குழந்தை தடுக்கி விழும்.

கடையில் நிற்கும்போது செய்ய வேண்டியது இதுதான். பனியனைக் கை நீட்டிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நிறம் மங்கி உருவம் மட்டும் தெரியும்போது ஆள் யாரென்று சொல்ல முடிந்தால் உருவம் தேறிவிட்டது. மெரிடா, ஏரியல், ராபன்ஸல் மாதிரி முடியிலேயே குணம் இருப்பவர்களை முழு உருவமாக வாங்கலாம். ஆனா, எல்சா, டியானா, ஜாஸ்மின் மாதிரி முகத்தில் குணம் இருப்பவர்களை மார்பளவில் வாங்குங்கள். அடுத்து கிட்டே கொண்டுவந்து புருவத்தையும் கண்ணின் வெள்ளைப் புள்ளியையும் பாருங்கள். பிரிண்டை அகலவாக்கில் இழுத்து விடுங்கள். விரிசல் கோடு தெரிந்தால் திருப்பி மாட்டிவிடலாம். நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் பத்துமுறை தேயுங்கள். கலர் ஒட்டினால் பிக்மெண்ட் வேகவில்லை. பனியனை நீளவாக்கில் மடித்து இரண்டு பக்கத் தையலும் ஒன்றன்மேல் ஒன்று படிகிறதா என்று பாருங்கள். படியவில்லை என்றால் எல்சா சாய்வாள். இவ்வளவும் செய்தால் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

பிறந்தநாளுக்கு இருபது பீஸ் ஒரே மாதிரி வேண்டுமென்று பட்டறையில் கொடுப்பவர்கள் ஸ்கிரீன் பிரிண்டுக்குப் போக வேண்டாம். பிரேம் செலவே பீஸ் விலையைத் தூக்கிவிடும். டிடிஎஃப் போதும். ஒரு சாம்பிள் பீஸ் அடித்துத் தரச் சொல்லி, முடியின் ஓரத்தில் வெள்ளை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மீதியைப் போடச் சொல்லுங்கள். உரிமம் இல்லாமல் இந்தப் பாத்திரங்களை அடித்து விற்பது சட்டப்படி குற்றம் என்பதால் நல்ல பட்டறைகள் மறுக்கும். பாப்பாவின் படத்தையே இளவரசியாக வரைந்து தரச் சொன்னால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

துவைப்பதில் கொங்குப் பக்கத்துக்கென்று ஒரு தனி வில்லங்கம்: போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, அதனால் கை தானாகப் பிரஷ்ஷைத் தேடும். பிரஷ் போட்டால் முதலில் உதிர்வது கடைசியாக ஏறிய ஹைலைட் வெள்ளை, அதாவது கண்ணின் உயிர்ப்புள்ளி. உள்பக்கம் வெளியே திருப்பி, தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, கையால் கசக்கி, நிழலில் போடுங்கள். அயர்ன் பாக்ஸை பிளாஸ்டிசால் மேல் நேராக வைத்தால் முகம் இளகிப் பெட்டியோடு வந்துவிடும். உள்பக்கமாகவே தேய்க்க வேண்டும்.